சன்ரூம் கட்டப்போகிறவர்களே, ‘எல்லாம் சேர்த்து’ என்ற விலையை நம்பாதீர்கள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சன்ரூம், அதாவது கண்ணாடியால் அடைத்த வெயில் அறை, கட்ட 48,000 டொலர் என்று பேசினோம். கடைசியில் வரியோடு வந்த கணக்கு 74,128 டொலர். அவ்வளவு கொடுத்தும் தை மாதத்தில் அதற்குள் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. பனி கரைந்தவுடன் நம்மவர்கள் பலர் இந்த வேலைக்கு ஆள் தேடத் தொடங்குவார்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்காகத்தான் இந்த அறை. முழங்கால் வருத்தம்; பனி தொடங்கினால் வெளியே இறங்கமாட்டார். பின்பக்கம் நல்ல வெயில் விழும், 12க்கு 14 அடியில் ஓர் அறை போதும் என்று நினைத்தோம். வந்த ஒப்பந்தக்காரர் தமிழர், தெரிந்தவர் மூலமாக வந்தவர். அளந்து பார்த்துவிட்டு அம்மாவின் முன்னாலேயே சொன்னார்: “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை. அம்மா மாசியிலயும் இதுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.”

அவர் அனுப்பிய தாளில் இருந்தது ஐந்தாறு வரி. சன்ரூம், கண்ணாடி, கூரை, வேலைக்கூலி, உத்தேச விலை. அதற்குள் ‘மூன்று பருவ அறை’ என்று ஒரு சொல். முழுக் கதையும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. மூன்று பருவ அறை என்றால் குளிர்காலத்துக்கு உதவாத அறை; அதற்கு நிலத்திலும் கூரையிலும் குளிர்காப்பு இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். அலுமினியச் சட்டம் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கடத்தும். சூடாக்க எந்த ஏற்பாடும் இல்லை. வருடம் முழுக்கப் பாவிக்கும் நான்கு பருவ அறை என்றால் இரட்டைக் கண்ணாடி, குளிர் கடத்தாத சட்டம், குளிர்காப்புப் போட்ட தரை, கூரை, தனியாக ஒரு ஹீட்டர். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், விலை மட்டும் எங்கேயோ போய்விடும். மாசியில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று வாயால் சொன்னவர், தாளில் எழுதியது மற்றதை.

கண்ணாடிக்கு ஓடர் கொடுக்க வேண்டும் என்று 40 வீதம் முற்பணம் வாங்கினார். ஒன்ராறியோ அரசின் நுகர்வோர் பிரிவு சொல்வதோ, முற்பணம் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று.

பெர்மிட் (மாநகரசபையின் கட்டட அனுமதி) பற்றிக் கேட்டபோது, “அது எங்கட வேலை அண்ணை” என்றார். ஆனால் பெர்மிட் எடுக்காமலே, வீட்டின் பின்னால் இருந்த பழைய டெக்கின் (தூண்களில் நிற்கும் திறந்த மேடை) மேல் சட்டத்தை நிறுத்தத் தொடங்கிவிட்டார். மாநகரசபை இன்ஸ்பெக்டர் வந்து வேலையை நிறுத்தினார். வீட்டோடு சேர்த்துக் கட்டும் எந்த அறைக்கும் இங்கே பெர்மிட் வேண்டும். அஸ்திவாரம் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போகவேண்டும். ரொறன்ரோப் பக்கம் அது 4 அடி, அதாவது 1.2 மீற்றர். எங்கள் டெக்கின் தூண்கள் 2 அடிகூட இல்லை. அப்படியே விட்டிருந்தால் மண் உறையும்போது தூணைத் தூக்கும், கரையும்போது இறக்கும். ஓரிரு குளிர்காலத்தில் கதவு பூட்டாது, கண்ணாடி வெடிக்கும். இருபது வருடம் இதே வேலை செய்கிறேன் என்று சொல்பவருக்கு இது தெரியாதா?

அப்புறம்தான் ‘எக்ஸ்ட்ரா’ தொடங்கியது. திருகி இறக்கும் இரும்புத் தூண்களுக்கு 9,500. வரைபடம், பெர்மிட்டுக்கு 2,800. மின்சாரப் பெட்டியில் இடமில்லை என்று 3,400. புதுக் கூரையை வீட்டுக் கூரையோடு இணைத்துப் பீலி மாற்ற 1,900. மொத்தம் 17,600. இதற்கெல்லாம் மேல் 13 வீதம் எச்எஸ்டி என்ற விற்பனை வரி, முதல் பேசிய 48,000க்கும் சேர்த்து. காசு வராமல் ஆணி அடிக்கமாட்டேன் என்றார். வீட்டின் பின்சுவர் திறந்து கிடந்தது, மழை வந்துகொண்டிருந்தது. கொடுத்தோம்.

இங்கேதான் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் உத்தேச விலை எழுதியிருந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்கக்கூடாது. நீங்களாகக் கேட்டுக் கூட்டிய அல்லது மாற்றிய வேலை என்றால் வேறு கணக்கு. அஸ்திவாரம் நாங்கள் கேட்டுக் கூட்டியதா? அது இல்லாமல் அறையே இல்லை. இதைச் சொல்லித்தான் இப்போது சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம்.

ஒன்று மட்டும் எங்களைக் காப்பாற்றியது. கட்டுமானச் சட்டப்படி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் காசில் 10 வீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்று மகள் வாசித்துச் சொன்னாள், பிடித்துவைத்தோம். வேலை முடிந்து சில கிழமையில் கண்ணாடி கொடுத்த கடையிலிருந்து கடிதம்: தங்களுக்குக் காசு வரவில்லை, அந்தப் பாக்கிக்கு ஈடாக எங்கள் வீட்டின் மேல் உரிமை (லீன்) பதியப்போகிறார்கள் என்று. நாங்கள் கொடுத்த காசு அந்தக் கடைக்குப் போகவேயில்லை! பிடித்துவைத்த பணம் கையில் இருந்தபடியால் அதைக்கொண்டு அந்தக் கணக்கைத் தீர்க்க முடிந்தது.

தையில் ஒரு காலை கதவைத் திறந்தேன். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க நீர், அலுமினியச் சட்டத்தின் கீழ் மூலையில் அது கட்டியாக உறைந்திருந்தது. அம்மாவின் கதிரைமெத்தை நனைந்து ஊறியிருந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். இதை நான்கு பருவ அறையாக்க வேண்டுமென்றால் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றித்தான் ஆகவேண்டும் என்று கையை விரித்துவிட்டார்.

நீங்கள் விலை கேட்கும்போது அறையின் விலையை மட்டும் கேட்காதீர்கள். அஸ்திவாரம், வரைபடம், பெர்மிட், மின்சாரம், சூடாக்கல், கூரை இணைப்பு, எச்எஸ்டி எல்லாம் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையோடு எழுதித் தரச்சொல்லுங்கள். எழுத மறுப்பவரை வாசலோடு அனுப்புங்கள். குளிர்காலத்தில் பாவிக்கலாம் என்று சொன்னால், எந்தக் கண்ணாடி, தரையில் என்ன குளிர்காப்பு, எந்த ஹீட்டர் என்பதும் தாளில் வரவேண்டும். வேலையாட்களுக்குரிய டபிள்யூஎஸ்ஐபி (வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபை) சான்றிதழைக் கேளுங்கள். பெர்மிட் கையில் வராமல் ஒரு பலகையும் இறக்கவிடாதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு இன்னுமொரு 15 வீதத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுச் சுவரைத் திறந்தால் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அறை கூடினால் வீட்டின் மதிப்பும் சொத்துவரியும் கூடும், அதையும் கணக்கில் சேருங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு இதை வாசிக்கிறீர்களா? அப்படி வீட்டில் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய அதே நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. தாளை எடுத்துத் திகதியைப் பாருங்கள். நாள் இருந்தால் இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.