தேன் விற்பவர்கள் கவனத்திற்கு: லிட்டர் வேறு, கிலோ வேறு

மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ரப்பர் தளிர்விடும் பருவத்தில் எடுத்த தேனை, களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு மொத்த வியாபாரிக்குக் கொடுத்தோம். கிலோவுக்கு 200 ரூபாய் என்று பேசியிருந்தும், தராசு கொண்டுவராத அவர், தம்முடைய ஒரு லிட்டர் குவளையால் 60 முறை அளந்து, "ஒரு லிட்டர்னா ஒரு கிலோதானே அண்ணாச்சி" என்று சொல்லி 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள், வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு லிட்டர் தேனை என் மனைவி தராசில் வைத்தார். பாட்டிலின் எடையைக் கழித்த பிறகும் 1 கிலோ 400 கிராம் காட்டியது. தராசில்தான் பிழை என்று எண்ணி, அதே அளவுள்ள வேறொரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். அது ஒரு கிலோதான் இருந்தது. அப்படியானால் அவர் கொண்டுபோன 60 லிட்டரின் எடை 84 கிலோ. 24 கிலோவுக்குரிய 4,800 ரூபாய் எங்களுக்கு வரவில்லை.

லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால்தான் கிலோ கிடைக்கும். தேனின் அடர்த்தி ஈரப்பதத்தைப் பொறுத்து மாறும் என்பது உண்மைதான். ஆனால் 27 டிகிரியில் அதன் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது, 1.35-க்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதி. ஆகவே விற்கத் தகுந்த தேன் எவ்வளவு நீர்த்திருந்தாலும், லிட்டரைக் கிலோவாக எண்ணிக் கொடுப்பவர் ஒவ்வொரு லிட்டரிலும் குறைந்தது சுமார் 350 கிராம் இழக்கிறார்.

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அதே வண்டியில் அவர் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைக் கிலோ விலைக்கு விற்றபோதும் அளந்தது அதே குவளையால்தான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 915 கிராம்தான் நிற்கும். வாங்கும்போதும் விற்கும்போதும் லாபம் அவருக்கே.

தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் தாறாங்க" என்றார். கிலோ விலை பேசினால், முத்திரையிட்ட தராசில், காலி கேனின் எடையைக் கழித்து நிறுத்த பிறகே தேனை வண்டியில் ஏற்ற விடுங்கள். தராசில் சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பாக்கிப் பணம் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.