ரெசினுக்கு மைக்கா பவுடரா, ஆல்கஹால் இங்க்கா?

ரெசின் என்பது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின் திரவம். அதற்கு நிறம் சேர்க்க மைக்கா பவுடரும், ஆல்கஹாலில் கரைத்த சாயமான ஆல்கஹால் இங்க்கும் உண்டு. மைக்கா பவுடரின் மினுமினுப்புக்குக் காரணம், அப்பிரகத் துகள்மேல் பூசிய டைட்டானியம் டைஆக்சைடு போன்ற மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதுதான். 100 கிராம் ரெசினுக்கு 2, 3 கிராம் தாராளம். ஒரே சிக்கல்: ரெசின் நீர்க்க இருக்கும்போதே ஊற்றினால் துகள் அடியில் படிந்துவிடும். என் முதல் கோஸ்டர் (டம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு தட்டு) அப்படித்தான் ஆனது. மேலே வெறும் கண்ணாடி, கீழே தங்க வண்டல். இப்போதெல்லாம் கலவை தேன் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, ஒருமுறை கிளறிவிட்டே ஊற்றுகிறேன்.

ஆல்கஹால் இங்க் நிறக் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும். காய்ந்த பூ வைத்த டாலருக்கு அதுதான் சரி. மைக்கா பூவையே மறைத்துவிடும். ஆனால் ஜன்னலோர வெயிலில் இங்க் வெளுத்துப்போகும். சாவிக்கொத்து, தட்டு என்றால் நான் மைக்கா பக்கம். அப்புறம், பவுடரை அள்ளும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.