மாடிப்படிக் கைப்பிடி: மரமா, ஸ்டீலா?

பிடிக்கும் சுகத்துக்கு மரம்தான். வெயிலில் சுடாது, குளிரில் சில்லிடாது. ஆனால் வெளிப்படிக்கு வேண்டாம். மழை பட்டால் பாலிஷ் உரிந்து மரம் உப்பிவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சரி. கடலோரம் என்றால் வழக்கமான 304 தர ஸ்டீல் போதாது, உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரம் கேளுங்கள். இல்லாவிட்டால் பழுப்புப் புள்ளிகள் வரும். கைரேகையும் ஸ்டீலில் பளிச்சென்று தெரியும்.

எதுவானாலும் உருண்டைப் பிடி 32 முதல் 50 மி.மீ. விட்டத்துக்குள் இருக்கட்டும். அகலமான தட்டை மரக் கைப்பிடி பார்க்கக் கம்பீரம்தான், கால் இடறும்போது விரல்கள் அதைச் சுற்றி வளையாது. படி முனையிலிருந்து உயரம் சுமார் 900 மி.மீ., சுவரிலிருந்து இடைவெளி 40 மி.மீ. அப்புறம், சிமென்ட் பூச்சில் மட்டும் திருகு நிற்காது. உள்ளே செங்கல் அல்லது கான்கிரீட் வரை துளையிட்டு ஆங்கர் போல்ட் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போடச் சொல்லுங்கள்.