பீட்டிலுக்கு வெளி ஆயில் கூலர்: வால்பாறை ரோட்டில் நான்கு வருடம்

எங்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் 1969 மாடல், 1500 சிசி, அப்பா ஓட்டிய வண்டி. வீடு பொள்ளாச்சியில், மாமனார் வீடு வால்பாறையில். அதனால் மாதம் ஒரு தடவையாவது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறித்தான் ஆக வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டாம் கியரிலேயே ஏறினால், அட்டகட்டி வருவதற்குள் ஆயில் சூடு 122 டிகிரியைத் தொட்டுவிடும். அங்கே நிறுத்தினால் ஐட்லிங்கில், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

இந்த எஞ்சினில் தண்ணீர் கிடையாது. ஃபேன் தள்ளுகிற காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான் மொத்தச் சூட்டையும் சுமக்க வேண்டும். ஆயிலைக் குளிர்விக்கக் கம்பெனி வைத்த கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நிற்கிறது. பழைய மாடல்களில் அதன் வழியாகப் போய்ச் சூடேறிய காற்றுதான் மூன்றாவது சிலிண்டருக்குக் கிடைக்கும். 1971 மாடலில்தான் கூலரைப் பின்னால் தள்ளி, அதற்குத் தனிக் காற்று வழி கொடுத்தார்கள். எங்கள் வண்டி அதற்கு முந்தியது.

வெளி கூலர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு கோவையில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இந்த எஞ்சின்களோடே பழகியவர். பின்னால் இருக்கிற எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கூலர் அப்புறம் வாங்கிக்கலாமுங்க தம்பி, மொதல்ல காத்து எந்த வழியில வருதுன்னு பாருங்க” என்றார். எஞ்சினைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் காய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே சைலன்சரைத் தொட்டு வந்த அனல் காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தகடு ஒன்றையும் காணோம். சீலும் தகடும் புதிதாகப் போட்டு, டைமிங்கும் வால்வு இடைவெளியும் சரிசெய்தார். அதே மலை, அதே வெயில், 113 டிகிரி. கூலரைப் பற்றி என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த வருடம் பேரிங் வேலைக்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது. கூலருக்கு அதுதான் சரியான நேரம். ஏனென்றால் பம்ப்பிலிருந்து ஆயில் வெளியே போய், வடிகட்டி, கூலர் எல்லாம் சுற்றிவிட்டு, எஞ்சினின் முக்கிய ஆயில் பாதைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு எஞ்சினின் வெளிக்கூடான கேஸில் ஓட்டை போட்டு மரை எடுக்க வேண்டும். கேஸ் மக்னீசியக் கலவை, மிருதுவான உலோகம். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தோம். மரை வெட்டுகிற டேப்பில் கிரீஸை அப்பி, அரைத் திருகு முன்னே, கால் திருகு பின்னே என்று அந்தத் தம்பி பொறுமையாக இறக்கினார். வெள்ளி மாவு மாதிரித் துருவல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாதைகளை மண்ணெண்ணெய் விட்டு அலசி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். அந்தத் துருவலில் ஒரு பொட்டு உள்ளே தங்கினாலும் நேரே பேரிங்குக்குத்தான் போகும். எஞ்சினைப் பிரிக்காமல் இந்த வேலையைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூலரை கியர்பாக்ஸுக்கு மேலே மாட்டி, தனியாக ஒரு எலக்ட்ரிக் ஃபேனும் வைத்தோம்.

ஆயில் சூடேறும் வரை அதைக் கூலருக்குப் போகவிடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் முதல் ஆறு மாதம் ஓட்டினேன். அது தப்பு. மார்கழிக் காலையில் டவுனுக்குள் ஓடும்போது ஆயில் 60 டிகிரியைத் தாண்டவே இல்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவினாற்போல் வெளுப்பு. ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகவும் ஒரு சூடு வேண்டுமே! கம்பெனி கூலருக்காவது ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சுற்றிப் போக வால்வு இருக்கிறது. வெளியே நாம் மாட்டுவதற்கு அது கிடையாது. 80 டிகிரிக்கு மேல் திறக்கிற தெர்மோஸ்டாட் போட்ட பிறகு அந்த வெண்ணெயைக் காணோம்.

இப்போது சித்திரையில் அட்டகட்டி ஏறினால் 101, மிஞ்சினால் 103. விளக்கு மினுக்குவது நின்றுவிட்டது. ஆனால் எனக்குக் கூலரை விடப் பெரிய லாபமாகத் தெரிவது அந்த வடிகட்டிதான். இந்த எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்தது வெறும் கம்பி வலைச் சல்லடை. இப்போது ஒவ்வொரு சொட்டு ஆயிலும் வடிகட்டியைத் தாண்டித்தான் பேரிங்குக்குப் போகிறது. மொத்த ஆயிலும் மூன்றரை லிட்டர் ஆகிவிட்டது. அளவு கூடியதால் சூடு ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான். சூட்டைக் குறைப்பது கூலரும் அதில் படுகிற காற்றும்.

இன்னொன்று: ஆயில் சூடு காட்டுகிற முள் இறங்கிவிட்டது என்பதற்காக, சிலிண்டர் ஹெட் குளிர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஹெட்டுக்கு இன்னும் ஃபேன் காற்றுதான் கதி. ஃபேன் பெல்ட் அறுந்தால் இந்தக் கூலர் காப்பாற்றாது. டிக்கியில் எப்போதும் ஒரு பெல்ட்டும் அதற்கான ஸ்பேனரும் வைத்திருக்கிறேன்.

பயந்தது ஒரே ஒரு நாள். ஆயிலுக்குத் தாங்கும் என்று கடையில் சொல்லிக் கொடுத்த ஓஸ், பதினோரு மாதத்தில் கிணத்துக்கடவு பக்கம் கசிந்து, சூடான சைலன்சர் மேல் சொட்டிவிட்டது. புகை வாசனை வந்ததும் ஓரங்கட்டினேன். ஓஸைத் தொட்டால் வெந்த கிழங்கு மாதிரி மெத்தென்று இருந்தது. சாதாரண ரப்பர். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வண்டி எரிந்திருக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பி பின்னிய ஆயில் ஓஸும் மரை வைத்த ஃபிட்டிங்கும் போட்டேன். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், தயவுசெய்து.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. தேங்காய் நார் மில்கள் இருக்கிற ரோட்டில் தினமும் ஓடினால், நார்த் தூசி கூலர் இதழ்களுக்குள் போய்ப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். போன பங்குனியில் காரணமே இல்லாமல் 109 காட்டியது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கூலரில் பாதி பழுப்பு நிறம். பின்பக்கமிருந்து காற்றடித்ததும் ஒரு கை நிறைய நார் விழுந்தது. இப்போது ஆயில் மாற்றும்போதெல்லாம் இதையும் செய்துவிடுகிறேன், 4,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை.