பேடு மட்டுமா, டிஸ்க்கைக் கடைவதா, புது டிஸ்க்கா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும் காருக்கு முன்சக்கர பிரேக் பேடு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தகட்டை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்தும் பட்டை) சீக்கிரம் தேயும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தெருவில் நிற்கும் காருக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பட்டறைக்குப் போனால் மூன்று வழி சொல்வார்கள்: பேடு மட்டும் மாற்றுவது, டிஸ்க்கை லேத்தில் கடைந்து புது பேடு போடுவது, இரண்டையும் புதிதாகப் போடுவது. அளந்து பார்க்காமல் எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கீச்சென்று சத்தம் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. சத்தம் எழுப்பும் தகடு பல கார்களில் ஒரு பக்க பேடில் மட்டுமே இருக்கும். மற்றது முதலில் தீர்ந்தால் அது ஊமைதான். வீல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் வெளிப்பக்க பேடுதான் தெரியும். வீலைக் கழற்றி உள்பக்கத்தையும் பாருங்கள். உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடர் பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்க் வழுவழுப்பாக இருந்து, நகத்தால் கீறினால் பள்ளத்தில் சிக்காமல், பிரேக் பிடிக்கும்போது அதிர்வும் இல்லையென்றால் பேடு மட்டும் போதும். ஆனால் வேலை அரைகுறையாக நடப்பதும் இங்கேதான். பேடு உட்காரும் இடத்தில் துரு உப்பிக்கொண்டு பேடை நகரவிடாது. கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடர் பின்னுக்கு பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்க வைத்து மறுபடி இறுக்கிவிடும். இரவு மழையில் நனைந்து மேலாகப் படியும் செந்துரு பயப்பட வேண்டியதல்ல. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

70, 80 வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். கடைந்தால் சரியாகும், ஆனால் கடைய இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமனை டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார்கள். பல கார்களில் அது புது அளவைவிட 2 மி.மீ. அளவுக்குத்தான் குறைவு. பக்கத்துக்கு 0.3 கடைந்தால் 0.6 போய்விடும்; ஏற்கெனவே 1 மி.மீ. தேய்ந்த டிஸ்க்கில் மிஞ்சுவது 0.4. புது பேடு தீருமுன்பே அது வரம்பைத் தாண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், உதறலும் திரும்பி வரும். மைக்ரோமீட்டரால் ஏழெட்டு இடங்களில் அளக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலை வைத்தால் தேயாத விளிம்பில் தட்டி அதிகமாகக் காட்டும். காற்றிடைவெளி இல்லாத ஒற்றைத் தகடு டிஸ்க் உள்ள சின்ன கார்களுக்குக் கடைசல் வேலையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தடித்த டிஸ்க் உள்ள பெரிய வண்டிக்கு, அளவு இருந்தால், தாராளமாகக் கடையலாம்.

துரு குழி விழுந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, அளவு வரம்புக்குக் கீழே போயிருந்தாலோ புது டிஸ்க்தான், இரண்டு பக்கமும் சேர்த்து. புது டிஸ்க் போட்டும் உதறினால் பலர் டிஸ்க்கைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் டிஸ்க்கை மாட்டும் ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துரு. டிஸ்க் நேராக உட்காராமல் சாய்கிறது. அதைச் சுரண்டிவிட்டு மாட்டி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்த்தால் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் நிற்பது நல்லது. புது டிஸ்க்கின் மேல் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்காமல் பேடு போடாதீர்கள்.

எந்த வழியானாலும் வண்டியை எடுக்குமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு மாதவரம் 200 அடி சாலை போன்ற இடத்தில், விடியற்காலையில், 60 வேகத்திலிருந்து 10 வரை மிதமாக எட்டு, பத்து முறை குறையுங்கள். நடுவே முழுதாக நிறுத்தி பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேடு அந்த இடத்தில் மட்டும் படிவை விட்டுவிடும், உதறல் அங்கிருந்தே தொடங்கும்.