ஆவணியில் ஓடும், ஆடியில் படுக்கும்: பிளாகர் பற்றி ஒரு டிடிபி ஆபரேட்டரின் மதிப்பீடு

கூகுள் இலவசமாகத் தரும் வலைப்பூத் தளமான பிளாகரைச் செத்துப்போன சாமான் என்று சொல்பவர்கள்தான் இப்போது அதிகம். 1999-ல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது. தமிழில் வலைப்பூ எழுத வந்த முதல் தலைமுறையில் நிறையப் பேர் அதில்தான் எழுதினார்கள், அப்புறம் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் காலி செய்த பிறகு உள்ளே வந்தவள் நான். ஃப்ரீலான்ஸ் எழுத்து வருமானத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் ஸ்கூல் ஃபீஸும் போகின்றன. அந்த எழுத்துக்கு முகவரியாக இருப்பது பிளாகரில் உள்ள என் வலைப்பூ. எனவே இது எந்த அளவுக்குச் சோறு போடும் என்று என்னால் சொல்ல முடியும்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக, அதாவது கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைப்பவளாக, இருந்தேன். காலண்டர், டைரி, நோட்டு அட்டை, நடுநடுவே கல்யாணப் பத்திரிகை. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும்தான் நாள் முழுக்க. பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன வாசகம் போடுவதென்று தெரியாது. "நீயே நல்லாப் போட்டுரும்மா" என்பார்கள். போட்டு முடித்து புரூஃப் காட்டினால், பெரிய அத்தை பெயர் சின்ன அத்தை பெயருக்குக் கீழே போய்விட்டது என்று சண்டை வரும். காலமான தாத்தா பெயரை எப்படிப் போடுவது, இரண்டு முறைப்படியும் நடக்கும் கல்யாணத்துக்கு எப்படி அழைப்பது என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கான பதில்களை எழுதத் தொடங்கினேன். இப்போது கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, நிக்காஹ், சுயமரியாதைத் திருமணம், உத்தரகிரியை என்று எல்லாவற்றுக்கும் மாதிரி வாசகங்கள் அங்கே இருக்கின்றன. கூடவே 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் கார்டு எதற்கு, ஃபாயில் அடித்தால் செலவு ஏன் ஏறுகிறது என்பது மாதிரித் தொழில் விஷயங்களும் உண்டு.

பிளாகரில் எனக்கு மிகவும் பிடித்தது கேஜெட் வசதி, அதாவது தளத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளைச் சேர்ப்பது. லேஅவுட் பக்கத்தில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எது வேண்டுமானாலும் ஒட்டலாம், காசு கேட்காது. இன்னொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ்.காமின் இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் போட்டால் அது வடிகட்டி எடுத்துவிடும். நான் யூனிகோடை, அதாவது போனிலும் இணையத்திலும் வரும் தமிழ் எழுத்தை, பாமினியாக மாற்றும் சின்னக் கருவி ஒன்றைத் தனிப் பக்கத்தில் வைத்தேன். ஏனென்றால் என் வாசகத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் அதை ஒரு டிடிபி கடைக்குத்தான் அனுப்புகிறார். அந்தக் கடையில் இன்றும் பாமினிதான் ஓடுகிறது. யூனிகோடை அப்படியே ஒட்டினால் எழுத்து கலைந்து போகும், திரும்ப அடிக்க வேண்டும். இன்று என் வலைப்பூவில் அதிகம் பார்க்கப்படும் பக்கம் எந்தக் கட்டுரையும் இல்லை, அந்தக் கருவிதான். எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்கிறவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் எனக்கு வேலை கொடுத்தவர்களில் பலர் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள்.

ஹோஸ்டிங் வாடகை, அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான கட்டணம், கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் கூட்டம் குவிந்தாலும் தளம் முடங்காது. சொந்த டொமைன் (நம் பெயரிலேயே இணைய முகவரி) வாங்கினால், அதை வலைப்பூவோடு இணைக்க கூகுள் சொல்லும் சி-நேம் பதிவுகளைச் சேர்த்தால் போதும், முகவரிக்கு முன் வரும் எச்டிடிபிஎஸ் பாதுகாப்புப் பூட்டும் இலவசமாகவே வந்துவிடுகிறது. ஆக, ஆண்டுச் செலவு டொமைன் கட்டணம் மட்டும்.

சரி, குறைகள். தமிழில் எழுதுகிறவருக்கு முதல் அடி முகவரியில்தான் விழும். தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை முகவரியில் சேர்க்காது. 'காதணி விழா அழைப்பிதழ் வாசகங்கள்' என்று நீங்கள் தலைப்பு வைத்தாலும் இணைப்பு 'பிளாக்-போஸ்ட்_23' என்றுதான் வரும். நாமே முகவரி கொடுக்கலாம் என்று ஒரு பெட்டி உண்டு, அதிலும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே. இதை வெளியிடும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய இணைப்பு செத்துவிடும், செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட வேண்டும். முகவரிக்கு நடுவில் ஆண்டும் மாதமும் உட்கார்ந்திருப்பதை எடுக்கவே வழியில்லை. பழைய தேதியைப் பார்த்து, இது ஓடாத வலைப்பூ என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

என் தொழிலுக்கு இன்னொரு தலைவலி ஆண்டுப் பெயர். பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்று போட்ட மாதிரிகளை எல்லாம் 2026 சித்திரை முதல் தேதிக்குள் 'பராபவ' என்று மாற்றியாக வேண்டும். எல்லாப் பதிவுகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேடி மாற்றும் வசதி பிளாகரில் இல்லை. ஒவ்வொரு பதிவாகத் திறந்து, திருத்தி, அப்டேட் அழுத்த வேண்டும். பேஜ்மேக்கர் ஸ்டோரி எடிட்டரில் நொடியில் முடிகிற வேலை. இப்போது ஆண்டுப் பெயர் வரும் இடத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன், அதில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பிளாகர் ஸ்கிரிப்ட்டை அனுமதிப்பதால்தான் இதுவும் முடிந்தது.

வேர்டில் அடித்து அங்கிருந்து ஒட்டினால் கண்ட கண்ட ஸ்டைலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நோட்பேடில் ஒரு முறை ஒட்டி எடுத்தால் தொல்லை தீர்ந்தது. 2017-ல் வந்த கான்டெம்போ, சோஹோ போன்ற தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவமைப்புகள்) படத்துக்காகவே செய்தவை. நீளமான தமிழ்ப் பத்திக்கு அவை கண்ணை உறுத்தும். வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டி, கூகுள் எழுத்துருக்களில் முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை போட்டுப் பாருங்கள், அதே கட்டுரை வேறு ஆள் எழுதியதுபோல் இருக்கும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: விளம்பரத்தில் எவ்வளவு வரும்? நம் பக்கத்தில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழ் மொழியை ஏற்றது 2018 பிப்ரவரியில். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம், அதுவும் அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். கூகுள் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக, விளம்பரம் கொடுத்தவர் செலவழித்ததில் ஏறக்குறைய 68 சதவீதம் நம் கைக்கு வரும். விதியில் ஒளிவுமறைவு இல்லை, ஆனால் தொகை சிறியது. தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் வைக்க நகைக்கடையும் மேட்ரிமோனியும் வந்தால்தான் உண்டு. என் வாசகர் வேறு, வந்ததும் வாசகத்தை நகலெடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆடியிலும் மார்கழியிலும் வருமான வரைபடம் தரையைத் தொடும், தை பிறந்தால் எழும். முதல் நூறு டாலரைத் தொட ஒரு கல்யாண சீசன் போதவில்லை. இன்றைக்கும் அந்தப் பணம் கரண்ட் பில்லுக்கும் நெட் பில்லுக்கும் சரியாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஆட்சென்ஸை நம்பித் தமிழில் எழுதலாம் என்று யூடியூபில் யாராவது சொன்னால், அவர் வருமானம் யூடியூபிலிருந்து வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

எனக்கு வருமானம் வந்தது வேறு வழியில். சாத்தூர் பக்கம் மண்டபம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி போன் செய்தார். "பத்திரிகை வாசகம் எழுதுற பொண்ணுதானே? எங்க மண்டபத்தப் பத்தியும் நாலு பக்கம் எழுதிக் குடும்மா, நெட்டுல போடணும்." அதற்குப் பிறகு ஒரு கேட்டரிங் காரர், ஒரு பட்டுச்சேலைக் கடை, பத்திரிகை மாடல் ஆன்லைனில் விற்கும் ஒரு பிரஸ். எவரும் என் பயோடேட்டாவைக் கேட்கவில்லை. வலைப்பூவைப் படித்துவிட்டு, இதே நடையில் வேண்டும் என்றார்கள். மாதிரி எழுதிக் காட்டுங்கள் என்று இலவசமாக வேலை வாங்கப் பார்ப்பவர்களிடமும் அந்த இணைப்பைத்தான் அனுப்புகிறேன்.

கூலி பேசும்போது ஒரு விஷயம். ஆங்கில உள்ளடக்க உலகத்தில் சொல்லுக்கு இத்தனை பைசா என்பது வழக்கம். தமிழுக்கு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் எடுக்கும் விஷயம் தமிழில் அதைவிடக் குறைவான சொற்களில் முடிந்துவிடும். உழைப்பு அதே, எண்ணிக்கை மட்டும் குறையும். நான் கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுகிறேன்: சாதாரணமானதற்கு 1,500 ரூபாய், போய் விசாரித்து எழுத வேண்டியதற்கு அதற்கு மேல். பாதி முன்பணம். இந்த முன்பணப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது சென்னையில் ஒரு கன்டென்ட் ஏஜென்சி. பெயர் வேண்டாம். 45 நாளில் பணம் என்றார்கள். 45-ம் நாள் கேட்டால் அக்கவுன்ட்ஸ் மேடம் லீவு, அப்புறம் அந்த மேடமே வேலையில் இல்லை. கடைசி இன்வாய்ஸ் இன்னும் பாக்கி. ஏஐ எழுதித் தருகிறதே, உங்களுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களும் இப்போது வருகிறார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் வீட்டுப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எங்கே போட வேண்டும் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் திரும்பி வருகிறார்கள்.

வேலை கொடுப்பது கம்பெனியாக இருந்தால் டிடிஎஸ், அதாவது நம் கட்டணத்திலிருந்தே வரி, பிடிக்கும். 2025 ஏப்ரலிலிருந்து தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். அதற்கு முன் வரம்பு 30,000-ஆக இருந்தது. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

சொந்த டொமைனை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து பார்த்தால், பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரிகள் எல்லாம் '.இன்' என்று முடியும். 2020-ல் அந்த பிளாக்ஸ்பாட்.இன் டொமைனே கூகுள் கையைவிட்டுப் போனது, அதை நம்பி ஊரெல்லாம் கொடுத்திருந்த இணைப்புகள் வேலை செய்யாமல் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள், தெரிந்த தம்பி பெயரில் வேண்டாம். தளத்தின் தீம் வடிவமைப்பைத் தொடும் முன்பு அதன் நகலை இறக்கிவைத்துவிடுங்கள்.

வாசகரிடமே சந்தா வாங்கும் எண்ணம் இருந்தால் பிளாகர் உதவாது, அதில் அந்த ஏற்பாடே இல்லை. சப்ஸ்டாக் என்ற தளம் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு அதைச் செய்து தருகிறது. ஆனால் அது பணம் வாங்குவது ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாக. ஸ்ட்ரைப் இந்தியாவில் 2024-லிருந்து அழைப்பு உள்ளவர்களுக்குத்தான் கணக்கு கொடுக்கிறது. எனக்கு அந்தத் தேவை இன்னும் வரவில்லை. பத்திரிகை மாடல்களை நானே விற்கும் நிலை வந்தால் வாடகை கொடுத்து வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறுவேன். பிளாகர் பதிவுகளை அங்கே இறக்கிக்கொள்ளலாம், அது பெரிய வேலை இல்லை. கூகுள் தேடலில் மேலே நிற்கும் பழைய முகவரிகள் ஒன்றுகூட உடையாமல் கொண்டுபோவதற்குத்தான் ஒரு ஆடி மாதம் முழுசாக வேண்டும்.