ஒனகாவாவும் ஃபுகுஷிமாவும்: ஒரே அலை, இரண்டு நிர்வாகங்கள்

மின் நிறுவனத்தின் பண்பாட்டை அதன் கொள்கை அறிக்கையில் தேடிப் பயனில்லை. நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஓர் எண் கீழிருந்து மேலே போனபின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் தொஹோகு எலெக்ட்ரிக், டெப்கோ (டோக்கியோ எலெக்ட்ரிக் பவர்) என்ற இரண்டு மின் நிறுவனங்களையும் அருகருகே வைத்தால் இது புலப்படும்.

2011 மார்ச் 11 நிலநடுக்க மையத்துக்கு நெருக்கமாக இருந்தது தொஹோகுவின் ஒனகாவா அணுமின் நிலையம். அங்கே சுமார் 13 மீட்டர் சுனாமி அலை வந்தது. மூன்று உலைகளும் பாதுகாப்பாகக் குளிர்ந்தன. இன்னும் தள்ளியிருந்த டெப்கோவின் ஃபுகுஷிமா டாய்இச்சியில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

முதல் காரணம் தரைமட்டம். ஒனகாவாவுக்கு 14.8 மீட்டர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் தொஹோகுவின் முன்னாள் துணைத்தலைவர் யானோசுகே ஹிராய். கி.பி. 869-இல் வந்த ஜோகன் சுனாமியை அவர் கணக்கில் எடுத்தார். ஃபுகுஷிமாவிலோ, உறுதியான பாறைமேல் அடித்தளம் போடவும் கடல்நீரை ஏற்றும் செலவைக் குறைக்கவும், சுமார் 35 மீட்டர் உயர மேட்டை 10 மீட்டருக்கு வெட்டி இறக்கினார்கள். இதை மட்டும் வைத்து டெப்கோவைக் குறை சொல்வது நியாயமல்ல. அதன் முதல் உலை 1971-இல் ஓடத் தொடங்கியது. சுனாமி ஆய்வு அப்போது வளரவில்லை.

பிந்தைய நடத்தைதான் உண்மையான ஒப்பீடு. தொஹோகுவின் ஊழியர்களே செண்டாய் சமவெளியில் ஜோகன் சுனாமியின் மணல் படிவைத் தோண்டி ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் உலைக்கான அலை மதிப்பீடு 9.1 மீட்டராக உயர்ந்தது, கரைச்சரிவும் பலப்படுத்தப்பட்டது. டெப்கோவுக்கு 2008-இல், ஃபுகுஷிமாவில் சுனாமி 15.7 மீட்டர் வரை எழலாம் என்ற கணக்கு வந்தது. நிர்வாகம் அதை மேலாய்வுக்காகக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்திடம் அனுப்பியது. ஒழுங்குமுறை அமைப்பிடம் அந்த எண் போய்ச் சேர்ந்தது 2011 மார்ச் 7 அன்று. இடைப்பட்ட காலத்தில் மின்பகிர்வுப் பலகைகளும் பெரும்பாலான டீசல் ஜெனரேட்டர்களும் தாழ்வான தளங்களிலேயே இருந்தன. 1991-லேயே கடல்நீர்க் குழாய்க் கசிவு முதல் உலையின் ஜெனரேட்டரை நனைத்திருந்தது. எச்சரிக்கை வீட்டுக்குள்ளேயே கிடைத்தும் பாடமாகவில்லை.

ஆய்வு கேட்டது தவறில்லை. ஆய்வு முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு எதுவும் செய்யாததே பிழை. அதே சுனாமியைச் சந்தித்த, ஜப்பான் அட்டாமிக் பவர் நிறுவனத்தின் டோக்காய் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். இபாரக்கி மாகாணத்தின் புதிய மதிப்பீட்டுக்குப் பிறகு கடல்நீர் பம்புகளைச் சுற்றிய சுவரை 6.1 மீட்டராக உயர்த்தினார்கள், அலை 5.4 மீட்டர் வரை வந்தது. குழாய்த் துளைகளை அடைக்கும் வேலை முடியாத பக்கத்தில் ஒரு பம்பு மூழ்கியது. மற்ற இரண்டும் ஓடியதால், அவை குளிரூட்டிய இரண்டு டீசல் ஜெனரேட்டர்களும் ஓடின. அரைகுறையாக முடிந்த சாதாரண சிவில் வேலை ஒரு நிலையத்தையே காப்பாற்றியது!

வணிகக் கணக்கு: டெப்கோ 2012-இல் 1 லட்சம் கோடி யென் அரசு முதலீட்டோடு அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது. விபத்துச் செலவை 2016-இல் அரசு 21.5 லட்சம் கோடி யென் என மதிப்பிட்டது. பழக்கமும் எளிதில் மாறவில்லை. 2002-இல் ஆய்வுப் பதிவுகளைத் திருத்தியது அம்பலமாகி, 2003-இல் அதன் 17 உலைகளும் நின்றிருந்தன. 2021-இலோ பாதுகாப்புக் குறைபாடுகளால் அதன் காஷிவாசாக்கி-கரிவா நிலையத்தை இயக்கத் தடை வந்தது. தொஹோகுவும் தப்பவில்லை. ஒனகாவா இரண்டாம் உலை மீண்டும் இயங்க 2024 அக்டோபர் ஆனது, அதுவும் 29 மீட்டர் கடற்சுவர் எழுப்பியபின். அணுமின் துறையில் பக்கத்து நிறுவனத்தின் பண்பாடும் உங்கள் வரவு செலவில் ஏறும்.

உங்கள் நிறுவனத்தைச் சோதிக்க, கடந்த 10 ஆண்டு ஆபத்து மதிப்பீடுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதிகள் போதும்: எண் வந்த நாள், செலவு மதிப்பீட்டோடு இயக்குநர் குழுவுக்குப் போன நாள், இடைக்காலத் தடுப்பு போட்ட நாள், வேலை முடிந்த நாள். மூன்றாவது கட்டம் தொடர்ந்து காலியாக இருந்து, அதற்கு நேரே "மேலாய்வில்" என்று முடிவுத் தேதியில்லாமல் எழுதியிருந்தால், அந்தக் கோப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும்.